கற்பிக்கும் உரிமை யாருக்கு?

குழந்தைக்குக் கற்பிப்பதில் நமக்குத் தயக்கம் எழுவதில்லை. அது இனிமேல்தான் உலகை அறியவேண்டும், நாம் சற்று முன்னதாக அறிந்திருக்கிறோம், ஆகவே சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் நாற்பது ஆண்டுகள் நிலத்தை உழுதவரிடமோ, கடலில் வலை வீசியவரிடமோ, ஐந்து பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கிய தாயிடமோ சென்று, "உங்களுக்குக் கல்வி தர வந்திருக்கிறேன்" என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? நம் நாட்டில் இக்கல்விக்கு 'முதியோர் கல்வி' என்று பெயரிட்டார்கள். முதியோர் என்ற சொல்லில் மரியாதை இருக்கிறது. ஆயினும், அம்மரியாதை பல வேளைகளில் பெயரளவில் நின்றுவிடுகிறது. வகுப்பிற்குள் நுழைந்ததும் முதியவர் மீண்டும் சிறுபிள்ளையாக்கப்படுகிறார். அவர் வாழ்ந்த வாழ்வு வாசலிலேயே நிறுத்தப்படுகிறது.

எனவே, வளர்ந்தவர்களுக்குக் கல்வி அளிப்பது எப்படி என்ற கேள்விக்கு முன்பே, எந்த உறவில் நின்று அளிப்பது என்ற அறக்கேள்வி எழுகிறது. அதற்குச் சில நாடுகள் தத்தம் வரலாற்றின் நெருக்கடியான வேளைகளில் கண்ட விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும்.

டென்மார்க்கில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயர்கல்வி என்பது இலத்தீன் கற்றோரின் உடைமையாக இருந்தது. லூத்தரன் சபைப் போதகரும் கவிஞருமான குருண்ட்விக் (1783–1872) அதனை உயிரற்ற கல்வி என்று கண்டித்தார். நாட்டின் ஆட்சியில் குடியானவர்களும் பங்குபெறும் காலம் நெருங்குவதைக் கண்ட அவர், ஏட்டிலுள்ள சொல்லைவிட, மனிதர் மனிதரோடு பேசும் உயிருள்ள சொல்லே அவர்களைத் தகுதிப்படுத்தும் என நம்பினார். அவருடைய சிந்தனையின் வழியில் 1844இல் ரோடிங் என்ற ஊரில் முதல் 'மக்கள் உயர்நிலைப் பள்ளி' தோன்றியது. வளர்ந்த இளைஞர்கள் அங்கே ஒன்றாகத் தங்கி, வரலாறும் தாய்மொழியும் பாடலும் பயின்றார்கள். தேர்வு வைத்து மாணவரைத் தரம்பிரிக்கும் வழக்கம் அப்பள்ளிகளில் இல்லை, இன்றும் இல்லை. 1882இல் டேனிஷ் விவசாயிகள் முதல் கூட்டுறவுப் பால்பண்ணையைத் தொடங்கி, விரைவில் நாடெங்கும் அதனைப் பரப்பினார்கள். ஒரே கூரையின் கீழ் பயின்ற அனுபவம் அந்த ஒற்றுமைக்குத் துணைநின்றது என்பர் வரலாற்றாசிரியர் பலர்.

கனடாவின் கீழைக்கரையிலுள்ள நோவா ஸ்கோஷியாவில் இதே கேள்வி பசியின் வடிவில் எழுந்தது. மீனவர்கள் பிடித்த சிங்கி இறாலுக்கு வணிகர் வைத்ததே விலை. வலைக்கும் உணவுக்கும் அவரிடமே கடன். அருட்தந்தை ஜிம்மி டாம்ப்கின்ஸ் 1921இல் ஒரு சிறுநூல் எழுதி, கல்வி மக்களைத் தேடிச் செல்லவேண்டும் என்று வாதிட்டார். 1928இல் ஆன்டிகோனிஷ் நகரிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம் தன் விரிவாக்கத் துறையைத் தொடங்கியபோது, அருட்தந்தை மோசஸ் கோடி அதன் முதல் இயக்குநரானார். முதலில் ஊர்க்கூட்டம், பிறகு அண்டை வீட்டார் சிலர் சேர்ந்த சிறு படிப்பு வட்டங்கள், அதன்பின் கூட்டுச் செயல். இதுவே அவர்களது முறை. பல வட்டங்கள் வீடுகளின் சமையலறைகளிலேயே கூடின. அங்கிருந்து கடன் சங்கங்களும் கூட்டுறவு மீன்பதன ஆலைகளும் எழுந்தன.

கோடி மக்களைப் புகழ்ந்து பேசியவர் அல்லர் என்பதை நாம் கவனிக்கவேண்டும். வணிகரின் பேராசையை மட்டும் அவர் குற்றஞ்சாட்டவில்லை. தம் பொருளாதார வாழ்வின் பொறுப்பைத் தாமே கைவிட்டதற்காக மக்களையும் கடிந்துகொண்டார். ஒருவரை மதிப்பது என்பது அவர் சொல்வதையெல்லாம் ஏற்பதாகாது. பொறுப்பேற்க வல்லவர் என்று கருதி அவரிடம் உண்மையைப் பேசுவதும் மதிப்பேயாகும். கோடி மறைந்த 1959ஆம் ஆண்டிலேயே அவர் பெயரால் அங்கு நிறுவப்பட்ட பன்னாட்டு நிலையம், இன்றும் பல நாடுகளின் சமூகப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறது.

பிரேசிலில் எழுத்தறியாதவர்க்கு அன்று வாக்குரிமை இல்லை. ஆகவே, ஓர் ஏழைக்கு எழுத்துக் கற்பிப்பது அந்நாட்டின் அதிகாரக் கணக்கையே மாற்றும் செயலாயிற்று. 1961இல் பிரேசில் ஆயர்கள் அரசின் உதவியுடன் வானொலி வழியான அடிப்படைக் கல்வி இயக்கத்தைத் தொடங்கினர். 1963இல் பாவ்லோ பிரெய்ரே, அங்கிக்கோஸ் என்ற சிற்றூரில் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்பிக்கும் முயற்சியை வழிநடத்தினார். அவருடைய குழுவினர் முதலில் மக்களின் பேச்சைக் கேட்டார்கள். அவர்கள் வாழ்வில் கனத்து நின்ற சொற்களைத் திரட்டினார்கள். செங்கல் சுமப்பவர்க்குச் 'செங்கல்' என்ற சொல்லே பாடமாயிற்று. அச்சொல்லின் அசைகளைப் பிரித்தும் சேர்த்தும் புதிய சொற்களை ஆக்கும்போதே, செங்கல்லை யார் சுமக்கிறார், வீடு யாருக்குக் கிடைக்கிறது என்ற உரையாடலும் எழுந்தது. 1964இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் பிரெய்ரேயைச் சிறையிலடைத்தது. பின்னர் அவர் ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் நாடிழந்து வாழ்ந்தார். எழுத்தறியாதோர் வாக்குரிமை பெற்றது 1985இல்தான்.

தான்சானியா இன்னொரு பாடத்தைத் தருகிறது. அதன் முதல் குடியரசுத் தலைவரான ஜூலியஸ் நைரேரே பள்ளி ஆசிரியராக இருந்தவர், பக்தியுள்ள கத்தோலிக்கர். மக்கள் அவரை 'ம்வாலிமு', அதாவது ஆசிரியர், என்றே அழைத்தனர். 1970ஆம் ஆண்டை அவர் வயதுவந்தோர் கல்வி ஆண்டாக அறிவித்தார். 1973இல் நடந்த நலவாழ்வு இயக்கத்தில் ஏறக்குறைய 20 இலட்சம் மக்கள் சிறு குழுக்களாகக் கூடி வானொலியைக் கேட்டார்கள், கேட்டதை விவாதித்தார்கள், கழிப்பிடங்கள் தோண்டினார்கள், நீர்நிலைகளைத் தூய்மைப்படுத்தினார்கள். ஆனால் அதே ஆண்டுகளில் அவ்வரசு, கூட்டு வாழ்வின் பெயரால், இலட்சக்கணக்கான மக்களைப் புதிய கிராமங்களுக்குக் கட்டாயமாகக் குடிபெயர்த்தது. மாலையில் "விவாதித்து முடிவு செய்யுங்கள்" என்று சொன்ன குரலே, காலையில் "வீட்டைக் காலிசெய்யுங்கள்" என்றும் சொன்னது. நல்லெண்ணம் மிகுந்த ஆசிரியருக்கும் இச்சோதனை உண்டு. விடை நமக்குத் தெரியும் என்ற உறுதி முற்றும்போது, கேட்கும் பொறுமை குன்றுகிறது.

நம் மாநிலத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தையும் இவ்வரிசையில் வைக்கலாம். அங்கே பெண்கள் பெருந்திரளாக எழுத்தோடு சேர்த்து மிதிவண்டி ஓட்டவும் கற்றார்கள். தண்ணீர் கொண்டுவரவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் பிறரை எதிர்பார்த்திருந்த பெண், தானே புறப்பட்டாள். அவளுக்கு அந்த மிதிவண்டியும் அரிச்சுவடியே.

இன்று 'வாழ்நாள் கல்வி' என்ற சொல் உலகெங்கும் ஒலிக்கிறது. யுனெஸ்கோ நிறுவனத்தின் 1972ஆம் ஆண்டு அறிக்கை அதனை ஒவ்வொரு மனிதரின் உரிமையாக முன்வைத்தது. 1996இல் ஜாக் டெலோர் தலைமையிலான ஆணையம் அறிதல், செய்தல், கூடிவாழ்தல், மனிதராக மலர்தல் என நான்கு தூண்களைக் காட்டியது. ஆனால் நடைமுறையில் இரண்டாம் தூணே உயர்ந்து வளர்கிறது. சிங்கப்பூர் அரசு 2015இல் தொடங்கிய திட்டத்தில், 25 வயது நிறைந்த ஒவ்வொரு குடிமகனுக்கும் தொழிற்பயிற்சிக்கென 500 வெள்ளி வழங்கியது. 2024இல் 40 வயதைக் கடந்தோர்க்கு மேலும் 4,000 வெள்ளி சேர்த்தது. நடுவயதில் வேலையிழப்பை அஞ்சுவோர்க்கு இது பேருதவி. இதனை எளிதாகக் குறைகூறலாகாது. எனினும், இங்கே கற்பவர் தனி ஒருவர். பாடத்தைக் குறிப்பது சந்தை. கற்றதன் பயன் அவருடைய ஊதியம். அந்த வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலாதவர், தம் குற்றத்தாலேயே பின்தங்கியவராக எண்ணப்படும் ஆபத்தும் உண்டு. உரிமையாகப் பிறந்த ஒன்று இவ்வாறு ஓய்வில்லாத கடமையாக மாறிவிடுகிறது.

மக்கள் ஏற்கெனவே எல்லாம் அறிந்தவர்கள் என்று சொல்லித் தப்பிக்கவும் இயலாது. கூட்டுறவுக் கணக்கை மீனவர் எவரிடமாவது கற்றுத்தான் ஆகவேண்டும். நோய் பரவும் வழியை எவராவது சொல்லித்தான் ஆகவேண்டும். கற்பிக்கும் உரிமை அறிந்தவர்க்கு உண்டு; ஆனால் அது நிபந்தனையோடு கூடிய உரிமை. எதைக் கற்பது என்பதில் கற்பவரின் குரல் கேட்கப்பட்டதா? கற்றது அவரோடு நின்றதா, அண்டை வீட்டாரையும் எட்டியதா? கற்பித்தவர் அவர்களிடமிருந்து எதையேனும் கற்றுக்கொண்டு திரும்பினாரா? டென்மார்க்கின் பள்ளியையும் நோவா ஸ்கோஷியாவின் சமையலறையையும் இன்றைய திறன்பயிற்சி மையத்தையும் ஒரே தராசில் நிறுக்க இம்மூன்று கேள்விகள் போதும்.

நம் பங்குகளிலும் வயதுவந்தோர்க்கெனக் கருத்தரங்குகளும் பயிற்சிகளும் நடைபெறுகின்றன. பேச்சாளர் வருகிறார், ஒரு மணி நேரம் பேசுகிறார், நன்றியுரையோடு கூட்டம் முடிகிறது. அடுத்த முறை தலைப்பை முடிவுசெய்யும் முன், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் கொத்தனாரையும் மீன் விற்கும் அம்மாவையும் அழைத்து, "நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போமா? அவர்கள் சொல்லும் விடை நாம் எதிர்பாராத ஒன்றாக இருக்கக்கூடும். அன்றைய பேச்சாளரும் அவர்களுள் ஒருவராகவே இருக்கக்கூடும்.