அநியாயமாகச் செத்தவர் நல்லவர் ஆகிவிடுவாரா?

அநியாயமாகத் தூக்குமேடைக்கோ கொலைக்களத்துக்கோ அனுப்பப்பட்ட ஒருவரை நல்லவர் என்று சொல்லிவிடலாமா? சட்டென்று பதில் சொல்லாதீங்க, நண்பர்களே. தமிழ் மண்ணில் படை நடத்திய ஒரு பிரெஞ்சு தளபதியின் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்க.

அவர் பெயர் கவுண்ட் டி லாலி. அயர்லாந்து வம்சாவளி, 1702-இல் பிரான்ஸில் பிறந்தவர். 1745-இல் ஃபோன்டெனாய் போரில் காட்டிய வீரத்துக்காகப் போர்க்களத்திலேயே பதவி உயர்வு பெற்றவர். இந்தியாவில் ஆங்கிலேயரை முறியடிக்க 1758 ஏப்ரலில் புதுச்சேரி வந்து இறங்கினார். ஜூனில் கடலூர் அருகே செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். அத்தோடு நல்ல காலம் முடிந்தது. கையில் பணம் இல்லை. கம்பெனி அதிகாரிகளோடு ஒத்துப்போகவில்லை. கப்பற்படை கைவிட்டுப் போனது. சென்னை முற்றுகை தோற்றது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோல்வி. 1761 ஜனவரியில் புதுச்சேரியே ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இங்கிலாந்தில் கைதியாக இருந்தபோது, பிரான்ஸில் தன்னைத் துரோகி என்று பேசுவது தெரிந்தது. தானே அனுமதி கேட்டு நாடு திரும்பினார். பதில் சொல்லப் போனவரைப் பாஸ்டில் சிறையில் போட்டார்கள். 1766 மே 9 அன்று, பேச முடியாதபடி வாயைக் கட்டித் தலையை வெட்டினார்கள். பிறகு அவருடைய மகன் நியாயம் கேட்டுப் போராடினார். வால்டேர் அவருக்காகப் பேனா எடுத்தார். 1778-இல் மன்னரின் ஆலோசனை மன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. புதுச்சேரியில் இன்றும் லாலி பெயரில் ஒரு தெரு இருக்கிறது.

இங்கே நிறுத்தினால் லாலி ஒரு தியாகி. ஆனா 1758-இல் அவர் செய்ததையும் பார்க்கணும் இல்லையா?

படைக்குச் சாமான் தூக்க ஆளும் மாடும் போதவில்லை என்று புதுச்சேரி மக்களைப் பிடித்துச் சுமக்க வைத்தார். சாதி பார்க்காமல் எல்லாரையும் சுமக்க வைத்தார் என்பதுதான் அன்று பெரிய குறையாகப் பேசப்பட்டது. என் குறை அது இல்லை. யாராக இருந்தாலும் ஒரு மனுஷனைப் பிடித்து வந்து சுமக்க வைக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

அடுத்து, தஞ்சை மன்னர் கொடுத்திருந்த 56 லட்சம் ரூபாய் பழைய பத்திரத்தைக் காட்டிப் பணம் வசூலிக்கப் படையோடு கிளம்பினார். நாகூரில் கொள்ளை. கீழ்வேளூரில் கோயிலைச் சூறையாடி, குளத்தைத் துழாவினார்கள். தங்கம் கிடைக்கவில்லை. கோயில் பக்கம் நடமாடிய ஆறு பிராமணர்களை ஒற்றர்கள் என்று சந்தேகித்து, பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார்கள். அந்த ஆறு பேருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது.

“அந்தக் காலம் அப்படி, இன்றைய அளவுகோலை வைக்காதே” என்று சிலர் சொல்வார்கள். லாலியின் படை போன பாதையில் கீழ்வேளூருக்கு அடுத்த பெரிய ஊர் திருவாரூர். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்ததும் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் மனுநீதிச் சோழன் என்று பெரியபுராணம் சொல்வது அதே ஊரைப் பற்றித்தான். லாலி பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே அந்த அளவுகோல் அங்கே இருந்தது.

இன்னொரு பதிலும் வரும்: “பாவம் செய்தார், கர்மா தலையை வாங்கிவிட்டது.” கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனா இதை ஏற்றுக்கொண்டால், ஒரு பொய்யான தீர்ப்பை தர்மத்தின் கருவி என்று ஒப்புக்கொள்ள வேண்டி வரும். அதே வாயால் அந்த ஆறு பேரும் ஏதோ பாவம் செய்திருப்பார்கள் என்றும் சொல்ல வேண்டி வரும். கர்மா என்பது நான் செய்வதற்கு நானே பொறுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது. அடுத்தவர் துன்பத்துக்கு விளக்கம் கொடுக்க அதைப் பயன்படுத்தினால், நியாயம் கேட்கும் வேலையிலிருந்து நாம் நைசாக நழுவுகிறோம்.

பொறியியலில் எந்தக் கணக்குப் போடும் முன்பும் சிஸ்டத்துக்கு ஓர் எல்லைக்கோடு போடணும். கோட்டுக்குள் இருப்பது மட்டுமே கணக்கில் வரும். லாலி வழக்கின் மையக் கேள்வி பிரான்ஸ் எதை இழந்தது, மன்னருக்குத் துரோகம் நடந்ததா என்பதுதான். கீழ்வேளூர்க்காரர்களுக்காக எந்த நீதிமன்றமும் கூடவில்லை. தண்டனை கொடுத்தவர்களும் சரி, பிறகு நியாயம் கேட்டவர்களும் சரி, ஏறக்குறைய அதே கோட்டுக்குள்தான் நின்றார்கள்.

நம்ம நாட்டுக் கதையும் இதுதானே? 1942-43-இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. போருக்குப் பின் நடந்த விசாரணைகள் பெரும்பாலும் போர்க்கைதிகள் பட்ட கொடுமையைப் பற்றியவை. காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் சிப்பாய்களின் பெயர்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல் கிடையாது.

ஆகவே என் பதில் இது. லாலிக்கு மரண தண்டனை கொடுத்தது அநியாயம். வால்டேர் கேட்டது நியாயம். அதற்காகக் கீழ்வேளூர்க் கணக்கு தீர்ந்துவிடவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல நமக்குத் துணிவு வேணும். நாம் கொண்டாடும் தலைவர்களுக்கும் இதே அளவுகோல்தான்.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சயாமுக்குப் போனவர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. யார் போனார்கள், எந்தத் தோட்டம், திரும்பி வந்தார்களா? பெயரோடு எழுதி வையுங்க.