யாருடைய பதிலுக்காக?

அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன டூல்ரூம்கள் சிலவற்றுக்கு நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுக்கிறேன். எல்லாம் லினக்ஸ். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஷிஃப்ட் ஆட்கள் மாறி மாறி உட்காருவார்கள். பகல் ஷிஃப்ட் பையன் லாக்அவுட் கொடுப்பான். திரை கறுத்துப்போய் அப்படியே நிற்கும். டிபன் பையைக்கூட இறக்கிவைக்காமல் பின்னால் காத்திருக்கும் அடுத்த ஆள், "அண்ணே, பட்டனை அமுக்கிடட்டுமா?" என்பார். அமுக்கக் கூடாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்லப்போனால் பேச்சு கம்ப்யூட்டரோடு நிற்பதில்லை.

இன்றைய லினக்ஸ்களில் பெரும்பாலானவற்றில் வேலைகளைத் தொடங்குவதும் நிறுத்துவதும் சிஸ்டம்டி. ஒரு சேவையை நிறுத்த வேண்டுமென்றால் முதலில் அதற்கு 'சிக்டெர்ம்' என்ற சைகையை அனுப்பும்: கையிலிருப்பதை முடித்துக்கொண்டு கிளம்பு. வழக்கமான கெடு 90 விநாடி. அதற்குள் கிளம்பாவிட்டால் 'சிக்கில்'. அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. இந்த 90 விநாடி பலருக்கும் எரிச்சல். 2023-இல் வந்த ஃபெடோரா 38 அதை 45 ஆக்கியது. அமைப்புக் கோப்பைத் திறந்து ஐந்து, பத்து என்று தாங்களே மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. திரை சீக்கிரம் விடுபடும், உண்மைதான். ஆனால் உள்ளே நின்றது யார், எதற்காக நின்றது என்பது தெரியாமலே போய்விடும். அதை வைத்தியம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஒரு டூல்ரூமில் ஜர்னல்சிடிஎல் கட்டளையால் சிஸ்டம்டியின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். டிராயிங் கோப்புகள் எல்லாம் ஆபீஸ் ரூமில் உள்ள ஒரு சர்வரில் இருந்தன. ஷெட்டில் உள்ள கம்ப்யூட்டர்கள், நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாக அதைத் தொட்டுக்கொண்டிருந்தன. சாயங்காலம் ஆபீஸைப் பூட்டுகிறவர் கரண்ட் மிச்சமாகட்டும் என்று சர்வரையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஷெட்டில் ஒரு நிரல், கோப்பைக் கொடுத்துவிட்டு, 'வாங்கிக்கொண்டேன்' என்ற பதிலுக்காக நிற்கிறது. ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை கொடுத்தால் அதன் வரிசையில் 'டி' என்று ஒற்றை எழுத்து: குறுக்கிட முடியாத காத்திருப்பு. அந்த நிலையில் இருக்கும் நிரலுக்குக் 'கிளம்பு' என்ற சொல் காதிலேயே விழாது. பதில் வந்தால் அடுத்த கணமே கிளம்பிவிடும். பதில் சொல்ல வேண்டியது அணைந்து கிடக்கிறது.

சிஸ்டம்டி தொடங்கிய வரிசைக்கு நேர் எதிராகத்தான் நிறுத்தும். நெட்வொர்க்கை நம்பியிருப்பதை இறக்கிவிட்டுப் பிறகுதான் நெட்வொர்க்கை விடும். சுவரிலுள்ள சுவிட்சை ஒரு கை தட்டினால் அது என்ன செய்யும்? சுவிட்ச்போர்டுக்கு மேலே 'சர்வர் கடைசியில்' என்று எழுதி ஒட்டினோம். அங்கே பிரச்சினை தீர்ந்தது.

என்எஃப்எஸ்ஸை இரண்டு விதமாக இணைக்கலாம். 'ஹார்ட்' என்றால் பதில் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். 'சாஃப்ட்' என்றால் சில முறை கேட்டுப் பார்த்து, பிழை என்று சொல்லி விலகிவிடும். அந்தப் பிழையைக் கவனிக்காத நிரல், கோப்பு பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாகவே நினைத்துக்கொள்ளும். அதனால்தான் வழக்கமான அமைப்பு 'ஹார்ட்'. காத்திருப்பவரை விரட்டுவது சிஸ்டம்டியிலும் ஒருமுறை நடந்தது. 2016-இல் அதன் 230-ஆம் பதிப்பு வந்தபோது, லாக்அவுட் ஆனதும் பயனரின் நிரல்கள் அத்தனையையும் கொன்றுவிடுவது இயல்பான அமைப்பாக ஆனது. ஸ்கிரீன், டிமக்ஸ் என்ற நிரல்களில் ராத்திரி ஓடட்டும் என்று வேலையை விட்டுப் போகிறவர்கள் கொதித்தார்கள். டெபியன் பழைய வழக்கத்துக்கே திரும்பியது. அவர்கள் கோபம் நியாயம் என்றே நினைக்கிறேன். நிற்பவர் எல்லாரையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது.

இதையெல்லாம் நினைக்கும்போது எனக்கு ஆவடியில் இருக்கும் பெரியப்பாவின் முகம்தான் வருகிறது. டாங்க் ஃபேக்டரியில் விஜயந்தா டாங்கிகள் உருவான காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அவருக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு மனை விஷயத்தில் மனஸ்தாபம். கணக்கை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினார். தம்பி அதைப் பார்த்துவிட்டு "சரிதான்ணே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தார். சொல்லாமலே சித்தப்பா இறந்துவிட்டார். வீட்டில் எல்லாரும், "விட்டுத்தள்ளுங்க, மறந்திடுங்க" என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது கெடுவைக் குறைக்கிற வேலை. பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, அவர் வேறெங்கோ நிற்பதைப் பார்த்திருக்கிறேன். "சரி, விட்டுட்டேன்" என்று அவர் வாயால் சொல்ல வைத்துவிடலாம். எழுதப்படாத கோப்பை எழுதியாகிவிட்டது என்று நம்புவதைவிட அது எந்த விதத்தில் மேல்?

பிடிவாதக்காரர் என்று அவரை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்பது நியாயமான ஒரு பதில். அதை இனி யார் தர முடியும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பூந்தமல்லியில் இருக்கும் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன். மனை பற்றி அவனுக்கு வருத்தம் எதுவும் இல்லை. நோட்டைப் பற்றிக் கேட்டதும் சற்று யோசித்தான்.

"அப்பா பீரோவுலதான் இருக்குண்ணா. ஒவ்வொரு பக்கமா டிக் அடிச்சு வெச்சிருக்கார். பெரியப்பாவைக் கூட்டிட்டு வாங்க, நானே காட்றேன்."