வேப்பஞ்சேலைக்காரியைப் பார்த்துச் சிரித்தோமே

ஆடி பிறக்கப் போகிறது. அதற்குள் இதைப் பேசித் தீர்த்தாக வேண்டும்.

போன ஆடி ஞாயிறு. பெரியபாளையத்து பவானி அம்மன் கோயிலில் ஒரு பெண் வேப்பஞ்சேலை கட்டி வலம் வந்தாள். கனத்த உடம்பு. கட்டிய வேப்பிலை இடுப்பைச் சுற்றி எட்டவில்லை. அவள் அம்மா கூடவே நடந்து, நழுவிய கொத்தை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். ஒரு பையன் கைபேசியைத் தூக்கி, "ஒரு மரம் பத்தாதுடா" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தோம். சிரிக்காதவர்கள் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அந்த அம்மாவின் கை ஒரு நொடி நின்றது. மறுபடி செருகத் தொடங்கியது.

பருத்த உடம்பைக் கண்டு இப்படிச் சிரிப்பது பிறவிக் குணம் என்கிறார்கள் சிலர். நோய்க்கு அஞ்சும் ஆதி மனம், மாறுபட்ட உடம்பைக் கண்டால் தானே விலகும் என்று 2007இல் உளவியலாளர்கள் எழுதினார்கள். இருக்கட்டும். அப்படியானால், ஊருக்கு வந்த மகளைப் பார்த்து நம் பாட்டி "இளைச்சுப் போயிட்டியேம்மா" என்று ஏன் கண் கலங்கினாள்? பெண் பார்த்துத் திரும்பியவர்கள் "பூசினாப்பல இருக்கா" என்று ஏன் பூரித்தார்கள்? 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை எலும்பும் தோலுமாக்கியது. அதன் கதை கேட்டு வளர்ந்த வீடுகளில் சதைப்பிடிப்பு என்றால் சாப்பாடு இருக்கிறது என்று பொருள்.

நம்மைப் போலவே பெருத்த உடம்பை மதித்த பிஜித் தீவுகளின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. மூன்றே ஆண்டில் பள்ளி மாணவிகள் தங்கள் உடம்பை நொந்துகொள்ளத் தொடங்கியதை ஆய்வாளர் ஆன் பெக்கர் பதிவு செய்தார். நம் கதையும் வேறல்ல. பருமனான நகைச்சுவை நடிகர்கள் உசிலைமணியும் பிந்து கோஷும் திரையில் வந்து நின்றாலே சிரிக்கக் கற்றுக்கொண்ட கண்கள் இவை. கற்றதை மறக்க முடியும். பிறவிக் குணமே ஆனாலும், கோபமும் பிறவிக் குணம்தான். அதற்காகக் கொலையை மன்னிக்கிறோமா?

யாரை ஏசுகிறோம் என்று பாருங்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் எடை கூடியவர்கள். நம் அக்கா, நம் மருமகள், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கம் கெட்டு வரும் நம் பிள்ளை. கேலிக்குக் கூசி அவர்கள் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். சர்க்கரை தள்ளிப்போடாது. ரத்தக்கொதிப்பு தள்ளிப்போடாது.

ஆகவே இன்றே நிறுத்துங்கள். வேன் ஓட்டும் அண்ணா, "ரெண்டு டிக்கெட்" என்று சொல்லாதீர்கள். அத்தை, மருமகள் தட்டில் விழும் சோற்றை எண்ணாதீர்கள். ஆசிரியரே, "குண்டு பூசணி" என்ற குரல் வகுப்பில் எழுந்தால் பாடத்தை நிறுத்துங்கள். அந்தக் குழந்தை மதியச் சாப்பாட்டைத் தொடாமல் மூடிவைக்கும் முன்னே நிறுத்துங்கள்.

வேப்பஞ்சேலை கட்டிய அந்தப் பெண்ணுக்கு, தம்பி பிழைத்ததற்கு மூன்று வருஷ வேண்டுதலாம். அந்த அம்மா பிறகு சொன்னாள். இன்னும் இரண்டு ஆடி பாக்கி. அவள் வருவாள். கைபேசி உயர்ந்தால் மறைத்து நிற்க உங்களில் யார் என்னோடு வருகிறீர்கள்?