முல்லையாற்றுத் தீர்த்தம்

தேனியிலிருந்து கம்பத்துக்குச் செல்லும் சாலையில், மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலையும் காவல் நிற்க, நடுவே வயலும் வாழையும் தென்னந்தோப்புமாய் விரிந்து கிடக்கும் பள்ளத்தாக்கில், முல்லையாற்றங்கரையை ஒட்டியிருக்கிறது வீரபாண்டி என்னும் சிற்றூர். பார்வை இழந்த பாண்டிய மன்னன் ஒருவன் இங்கு வந்து தவம் கிடந்தான் என்றும், ஒரு கண்ணைக் கௌமாரியம்மனும் மற்றொரு கண்ணைக் கண்ணீசுவரமுடையாரும் அருளினர் என்றும் தலவரலாறு கூறும். சற்றுத் தெற்கே சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளைக் கருதினால், இப்பள்ளத்தாக்கின் பழமைக்குக் கதைகளை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை என்பது விளங்கும்.

சித்திரைத் திருவிழாவை முன்னிட்டு, மூன்று கிளையுள்ள அத்திமரக் கம்பத்தை நட்டு, ஆற்றில் முழுகி எழுந்த ஈர ஆடையோடு குடத்தில் நீர் மொண்டு வந்து அதற்கு வார்ப்பார்கள். கம்பத்துக்கு வார்க்கும் அந்நீர் தீர்த்தம் என்பதில் வார்ப்பவர் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் அந்நீரின் பூர்வோத்தரத்தை ஆராயப் புகுந்தால், ஆஸ்திக மனத்துக்கு ஒரு தர்மசங்கடம் நேர்கிறது.

தென்மேற்குப் பருவமழை மலையின் மேலைச் சரிவிலேயே பெரும்பாலும் பொழிந்து தீர்ந்துவிட, கீழைச் சரிவின் அடியில் கிடக்கும் இந்தப் பூமி மேகத்தை அண்ணாந்து பார்த்தே காலம் கழித்தது. சிவகிரி மலையில் பிறக்கும் பெரியாறோ மேற்கே ஓடி அரபிக்கடலில் கலப்பது. அதைக் கிழக்கே திருப்பவேண்டும் என்னும் எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு உதித்து, பொருளின்மையால் கைவிடப்பட்டது. 1876 முதல் 1878 வரை தாதுவருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடிய பிறகு, 1886-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுக்குக் குத்தகை உடன்படிக்கை எழுதப்பெற்று, மறு ஆண்டு தொடங்கிய அணை வேலை, வெள்ளம் கட்டியதை அடித்துச் சென்றும் சளைக்காத பொறியாளர் பென்னிகுவிக்கின் தலைமையில் 1895-இல் நிறைவெய்தியது. மலையைக் குடைந்த ஏறத்தாழ 5,700 அடி நீளச் சுரங்கத்தின் வழியே நீர் கிழக்கே முல்லையாற்றில் இறங்கிற்று. இன்று பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் அதனால் இருபோகம் விளைகிறது. மேகமலையிலிருந்து வரும் புராதனமான சுருளித் தீர்த்தமும், வெடிமருந்தாலும் உடன்படிக்கைப் பத்திரத்தாலும் வந்த பெரியாற்று நீரும் வழியிலே ஒன்றாகிவிடுவதால், வீரபாண்டித் துறையில் முழுகுகிறவர் தம் தலையில் வழிவது எந்த நீர் என்று பிரித்தறிய ஒரு வழியும் இல்லை.

கங்கையையே பகீரதன் கொண்டுவந்தானே என்று சமாதானம் சொல்வோர் உண்டு. எனக்கு அது போதவில்லை. பகீரதன் தன் முன்னோர் கதி பெறவேண்டும் என்று தவம் செய்தான். இங்கோ திட்டம் வகுத்தவர் சிந்தையில் வைகைப் பாசனமும் நிலவரியும் இருந்தன. கல் சுமந்தவர் சிந்தையில் அன்றையக் கஞ்சி இருந்தது. கௌமாரியின் கம்பத்துக்கு வார்க்க நீர் வேண்டுமென்று ஒருவரும் சங்கற்பித்தாரில்லை. குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சைவ சித்தாந்திகள் பகுத்துக் காட்டுவர். மழைநீரை முதற்காரணமாகவும், அணையையும் சுரங்கத்தையும் துணைக்காரணமாகவும் கொண்டால், இத்தீர்த்தத்துக்கு நிமித்த காரணம் யார்? செய்தவர் எவருடைய கருத்திலும் இல்லாத ஒரு நன்மை அவர்கள் செயலின் வழியாகவே விளைந்திருக்கக் காண்கிறோம். மனிதர் எண்ணத்தைக் கடந்த இவ்விளைவுக்கு அருள் என்று பெயரிடுவதில் எனக்குத் தடை ஒன்றும் தோன்றவில்லை.

தடை தோன்றுவது வேறோரிடத்தில். பென்னிகுவிக்கின் பெயர் நிலைத்துவிட்டது, பாலார்பட்டியில் தைதோறும் அவரை நினைந்து பொங்கல் வைக்கிறார்கள், அது தகும். ஆனால் அணை எழுந்த காட்டில் காய்ச்சலிலும் காலராவிலும் மாண்ட கூலிமக்களுக்கு ஊரும் பேரும் சொல்ல ஆளில்லை. நீர் வந்ததை அருள் என்ற நா, அவர்கள் பிராணன் போனதையும் அந்தக் கணக்கிலேயே எழுதத் துணியுமானால், அத்தகைய சித்தாந்தத்தை நான் ஏற்கமாட்டேன். அவர்கள் மரணம், அந்நீரைக் குடித்து, உழுது, முழுகி வாழ்கிற நம்மீது ஏறிய கடன்.

ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் சுருளியில் பெருங்கூட்டம் கூடிப் பிதிர்களுக்கு நீர் இறைக்கிறது. தர்ப்பணத்தின் முடிவில், தாய் தந்தையரும் சுற்றமும் அற்று, நீர் வார்க்க நாதியில்லாமல் போனவர்களுக்காக ஒரு முறை நீர் விட விதி இருக்கிறது. எழுந்து போகும் அவசரத்தில் பலர் அதைக் கருத்தின்றியே செய்துவிடுகிறார்கள். சுருளியிலும் முல்லையாற்றுத் துறைகளிலும் அந்த ஒரு கை நீரைப் பெரியாற்று மலையில் மடிந்தவர்களை நினைத்து விடும்படி புரோகிதர்கள் எடுத்துச் சொல்வார்களானால், சாஸ்திரத்தில் புதிதாக ஒன்றையும் சேர்த்தவர்களாக மாட்டார்கள்.