கோட்டையும் பிடிமண்ணும்

அப்புத்தளை நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தூரம், ஒருபுறம் தேயிலைச் சரிவும் மறுபுறம் தங்கமலைக் காப்புவனமுமாக நீளும் பாதையின் முடிவில், கருங்கற் சுவர்களும் உயர்ந்த புகைபோக்கிகளும் ஒடுங்கிய நெடுஞ்சாளரங்களும் கொண்ட மாளிகை ஒன்று, இங்கிலாந்தின் பழைய நூற்றாண்டு ஏதோ ஒன்று ஊவா மலையின் மூடுபனிக்குள் வந்து தங்கிவிட்டதோ என்று காண்போர் மயங்கும் வண்ணம் நிற்கிறது. ஆடிசம் என்பது அதன் பெயர். சுற்றுத் தோட்டங்களில் வாழும் நம்மவர்கள் இன்றும் அதை ஆடிசம் பங்களா என்றே சொல்கிறார்கள். எனினும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதில் எந்தத் துரையும் வசிக்கவில்லை. புனித பெனடிக்ட் வகுத்த ஒழுக்கத்தைப் பின்பற்றும் கத்தோலிக்கத் துறவிகளின் மடமாக அது விளங்கி வருகிறது. விடுமுறை நாட்களில் அங்கே செல்வோர் வரவேற்பறையையும் நூலகத்தையும் பார்த்து, துறவிகள் தயாரிக்கும் ஜாமும் பழப்பாகும் வாங்கிக்கொண்டு, வீட்டின் கதையைக் கேட்டுத் திரும்புகிறார்கள். செல்வத்தால் எழுந்து, விலைக்கு விற்கப்பட்டு, பின்னர் துறவுக்கு உறைவிடமான அந்த வீட்டின் கதை, ஓர் இடம் எதனால் புனிதமடைகிறது என்னும் பழைய கேள்வியை, அதுவும் வேறெங்கோ உள்ள ஓர் இடத்தின் பிரதியாக எழுந்த இடம் புனிதமடைதல் கூடுமா என்னும் கேள்வியை, சமயச் சிந்தையுள்ளவன் முன் மீண்டும் வைக்கிறது.

வீட்டை எழுப்பியவர் சேர் தாமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ். இங்கிலாந்தில் இருமுறை பிரதமராயிருந்த ஜோன் ரசல் பிரபுவின் மகள்வழிப் பேரரும், கென்ட் பிரதேசத்து ஆடிசம் கிராமத்துத் திருச்சபைக் குருவின் மைந்தருமாகிய அவர், 1887ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, தேயிலைத் தோட்டங்கள் பலவற்றின் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த பழம்பெரும் வர்த்தக ஸ்தாபனமாகிய ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவராக உயர்ந்து, செல்வமும் செல்வாக்கும் நிறைந்த பிராயத்தில், 1931ஆம் ஆண்டு இம்மலையில் தமக்கென ஓர் இல்லம் சமைத்துக்கொண்டார். பெயருக்குப் பிறந்த கிராமத்தை எடுத்துக்கொண்ட அவர், உருவத்துக்கு அதே கென்டில் நீர்நிலையின் நடுவே நிற்கும் லீட்ஸ் கோட்டையை மாதிரியாகக் கொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஆகவே ஆடிசத்தின் கற்கள் நம் தாத்தாமார் காலத்தவை. அதன் ஐதிகங்களோ மத்தியகாலத்தவை, கடலுக்கு அப்பாலிருந்து வந்தவை.

பிரதி என்றவுடன் போலி என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்ததில்லை. கைலாசத்துக்குப் போக இயலாதவன் வழிபடத் திருக்கோணமலை தட்சிண கைலாசமாயிற்று; காசிக்குப் போக இயலாதவன் வழிபடப் பொதிகைச் சாரலில் தென்காசி எழுந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் அக்கோயிலை எடுத்த பராக்கிரம பாண்டியன், தனக்குப் பின்னே அதற்கு யாதொரு குறையும் நேராமல் திருத்திக் காப்போர் எவராயினும் அவர் அடிகளில் தான் இப்போதே வீழ்ந்து வணங்குவதாகக் கல்லில் பொறித்து வைத்தான். முடிசூடிய மன்னன் ஒருவன், இன்னும் பிறவாத, முகமறியாத, தன் குலத்தவராகவும் இருக்க வேண்டியதில்லாத மனிதரின் கால்களில் விழுகின்ற அக்காட்சியை நினைக்கும்போதெல்லாம், ஸ்தலம் என்னும் நம் கருத்தின் ஆழம் எனக்குப் புலப்படுகிறது. மூலம் எங்கே, பிரதி எங்கே என்று அவன் விசாரிக்கவில்லை. தான் கட்டியது தன்னுடையதன்று என்று அறிந்தான். அந்த அறிவினாலேயே பாண்டி நாட்டில் ஒரு காசி சாத்தியமாயிற்று.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இம்மலைகளுக்குத் தம் ஊரின் பிரதியைச் சுமந்து வந்தவர் வில்லியர்ஸ் துரை ஒருவர் மாத்திரமல்லர். திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் கங்காணிமார் பின்னே கடல் கடந்து வந்த ஜனங்கள், பஞ்சமும் கடனும் துரத்த வந்தபோதிலும், குலதெய்வத்தை விட்டுவிட்டு வந்தவர்களல்லர். ஊர்க் கோயிலின் பிடிமண்ணைத் துணியில் முடிந்து கொண்டுவந்து, தேயிலை மலையின் ஓரத்தில் ஒரு மரத்தடியில் இட்டு, கல் நாட்டிச் சூலம் நிறுத்தி, இதுவே எங்கள் மாரியம்மன், இதுவே எங்கள் முனியாண்டி என்று கைகூப்பினார்கள். காலம் செல்லச் செல்ல மலையின் தொழிலும் தெய்வங்களைத் தந்தது: தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்குக் காவலாகக் கவ்வாத்துச்சாமியும், தொழிற்சாலையின் சுழலும் சக்கரங்களுக்குக் காவலாக ரோதமுனியும் தோன்றினார்கள். துரை கொண்டுவந்த ஊர் கருங்கல் மாளிகையாயிற்று. தொழிலாளி கொண்டுவந்த ஊர் ஒரு கைப்பிடி மண்ணாக இருந்தது. பிறந்த மண்ணை நினைத்து ஏங்கிய ஏக்கம் இருவருக்கும் பொது. அந்த ஏக்கத்துக்கு உருவம் கொடுக்க இருவருக்கும் வாய்த்த சாதனங்களில்தான் மலைக்கும் மடுவுக்குமான பேதம் கிடந்தது. பரம்பொருளின் சந்நிதியில் இவ்விரண்டு பிரதிகளில் எது உயர்ந்தது என்று கேட்பது வீண். ஆனால் நியாயத்தின் சந்நிதியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, அதற்குப் பின்னர் வருகிறேன்.

மூலமான லீட்ஸ் கோட்டையின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். நார்மானியர் காலத்தில் அரணாகத் தொடங்கி, 1278இல் முதலாம் எட்வர்ட் அரசனின் தேவியாகிய எலியனோர் கைக்கு வந்து, அதன்பின் தலைமுறை தலைமுறையாக அரசியரின் உரிமையாக அது இருந்தது. 1290இல் எலியனோர் இறந்தபோது, வேல்ஸ் நாட்டை வென்றவனும் போர்க்களத்தில் இரக்கமறியாதவன் எனப் பெயர் பெற்றவனுமாகிய அந்த எட்வர்ட் துயரத்தில் நொறுங்கி, அவளுடைய சவ ஊர்வலம் இரவில் தங்கிய இடந்தோறும் கற்சிலுவை நாட்டியதோடு, அவள் நேசித்த இக்கோட்டையின் சிற்றாலயத்தில் அவளது ஆன்ம சாந்திக்காக இடையறாது பூசை நடக்கும்படி குருமாருக்கு மானியமும் ஏற்படுத்தினான். வாளால் வென்ற மன்னன் மரணத்தின் முன் இன்னொருவர் பிரார்த்தனையை யாசிக்கும் நிலைக்கு வந்தது, அக்கோட்டையைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளுள் எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுகிறது. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் எட்டாம் ஹென்றி, தன் முதல் தேவி கதரீனுக்காக அதை அரண்மனையாக அலங்கரித்தான். அவளையே தள்ளிவைக்க விரும்பி ரோமாபுரியோடு முரண்பட்ட அதே ஹென்றிதான், 1536 முதல் 1540 வரையிலான நான்கே ஆண்டுகளில் இங்கிலாந்தின் துறவு மடங்கள் அனைத்தையும் மூடி, அவற்றின் நிலத்தையும் பொன்னையும் தன் பொக்கிஷத்திற் சேர்த்தவன். கோட்டைக்கு அயலில் இருந்த லீட்ஸ் மடமும் அவன் கைக்குத் தப்பவில்லை.

மடங்களை அழித்த மன்னனின் கோட்டையைப் பார்த்து எழுப்பிய வீடு, நானூறு ஆண்டுகளுக்குப் பின், கீழ்த்திசைத் தீவொன்றின் தேயிலை மலையில், அவன் அழித்த துறவு மரபுக்கே இல்லமாயிற்று. 1949இல் ஓர் ஆலை நிறுவனத்துக்கு விற்கப்பட்ட ஆடிசம், 1961இல் கத்தோலிக்கத் திருச்சபையின் உடைமையாகி, பெனடிக்ட் மரபின் கிளையாகிய சில்வெஸ்திரியத் துறவிகளின் பயிற்சி மடமாகியது. அக்கிளையைத் தோற்றுவித்த இத்தாலியராகிய சில்வெஸ்டர், 1231ஆம் ஆண்டு, அதாவது ஆடிசம் எழுவதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன், மலை மீது தம் முதல் மடத்தை நிறுவியவர். திறந்து கிடந்த கல்லறையொன்றில், அழகுக்குப் பெயர் பெற்றிருந்த தம் உறவினர் ஒருவரின் அழுகிய உடலைக் கண்டு, தாமும் இதுவே ஆகப்போவதை உணர்ந்து உலகைத் துறந்தார் என்பது அவரைப் பற்றிய ஐதிகம். இதைக் கேட்கும் தமிழனுக்குப் பட்டினத்தடிகள் நினைவுக்கு வராமல் இருப்பது அரிது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், காதற்ற ஊசி ஒன்றின் வழியாக மரணத்தின் பாடத்தைப் பெற்று, குவித்த செல்வத்தை ஒரே நாளில் விட்டுப் புறப்பட்ட கதைக்கும் இதற்கும் தேசம் வேறு, மதம் வேறு. உள்ளத்தைத் தைத்த முள் ஒன்றே. வணிகர் ஒருவர் குவித்த செல்வத்தால் எழுந்த ஆடிசத்துக்குள் இத்தகைய ஞானத்தின் வாரிசுகள் வந்து குடியேறியதைத் தற்செயல் என்று மாத்திரம் சொல்லிவிட என் மனம் ஒப்பவில்லை.

பெனடிக்ட் முனிவர் ஆறாம் நூற்றாண்டில் வகுத்த ஒழுக்கவிதியின்படி துறவிக்குத் தனியுடைமை என்று ஒன்றும் கிடையாது, எழுதுகோல்கூட மடத்துக்குரியது. வாசலுக்கு வரும் அந்நியனைக் கிறிஸ்துவே வந்ததாக எண்ணி ஏற்க வேண்டும். கையால் உழைப்பதும் கடவுளைத் துதிப்பதும் ஒரே நாளின் இரு பகுதிகள். உழவாரப் படையைக் கையிலேந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிய அப்பரடிகளைக் கொண்டாடும் நமக்கு, பழத்தோட்டத்தில் மண் கொத்தும் துறவியின் பக்தியை விளங்கிக்கொள்ள வியாக்கியானம் தேவையில்லை. முன்பு ஒரு குடும்பத்துக்கென்று இருந்த கதவு, இப்போது கொழுந்து பறிப்பவளுக்கும் அவள் பிள்ளைக்கும் திறக்கிறது. இது சிறிய மாற்றமன்று.

ஆனால் இவ்வளவோடு திருப்தியடைந்துவிடுவது சத்தியத்துக்குத் துரோகம். வில்லியர்ஸ் தலைமை தாங்கிய ஸ்தாபனத்தின் செல்வம் தோட்டங்களிலிருந்து வந்தது. தோட்டங்களின் செல்வம், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் குடும்பத்தோடு முடங்கி, விடியுமுன் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு ஓடி, மலையேறிய ஜனங்களின் உடலிலிருந்து வந்தது. தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதி, அச்சீட்டோடு ஆளையே தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை, 1921ஆம் ஆண்டு சட்டத்தால் தடைசெய்யப்படும்வரை நடந்தது. ஆடிசம் விலைபோன 1949ஆம் ஆண்டிலோ, முந்திய ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவர்களாக நின்றார்கள். மாளிகையை விற்கவும் வாங்கவும் பத்திரங்கள் இருந்தன. அதைச் சூழ்ந்த மலைகளுக்கு மூன்று தலைமுறை உழைப்பைக் கொடுத்தவர்களுக்குப் பிறந்த நாட்டைத் தம்முடையதென்று சொல்ல ஒரு தாள் இல்லை. இத்தகைய பொருளால் எழுந்த சுவர்களைப் பிரார்த்தனை கழுவிவிடுமா? கழுவாது என்றே நான் கருதுகிறேன். துறவி தன் பற்றைத் துறக்கலாம். தான் ஈட்டாத பொருளின் மீது இன்னொருவனுக்குள்ள பாத்தியதையைத் துறக்க அவனுக்கு அதிகாரமில்லை.

அப்படியானால் அவ்வீடு புனிதமற்றதா என்றால், அதற்கு விடையாகத் தஞ்சைப் பெரிய கோயிலின் ஐதிகம் ஒன்றைத்தான் சொல்வேன். இராசராசன் வானளாவக் கட்டிமுடித்த விமானத்தின் கீழ், ஆண்டவன் தான் ஓர் இடைச்சிக் கிழவி தந்த கல்லின் நிழலில் சுகமாயிருப்பதாக அறிவித்தான் என்றும், அவள் சிற்பிகளுக்குத் தினமும் மோர் வார்த்தவள் என்றும், தன் வீட்டுக் கல்லொன்றைக் கோயிலுக்கு ஈந்தவள் என்றும் மன்னன் பின்னரே அறிந்தான் என்றும் அக்கதை சொல்லும். கதை மாத்திரமன்று, தான் கொடுத்தனவும் தன் தமக்கை கொடுத்தனவும் தன் தேவியர் கொடுத்தனவும் மற்றுங் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லில் வெட்டப்பட வேண்டும் என்று இராசராசன் ஆணையிட்டதும், கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்கள் இன்றும் அச்சுவரில் இருப்பதும் சரித்திரம். ஆடிசத்தின் கதையிலோ கட்டடக் கலைஞர்களின் பெயர் சொல்லப்படுகிறது. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது சொல்லப்படுகிறது. மலையைச் சமன் செய்தவர்களும் கல் சுமந்தவர்களும் சொல்லப்படுவதில்லை. மோர் வார்த்த கிழவி இல்லாமல் சொல்லப்படும் பெரிய கோயிலின் கதை எவ்வளவு குறையுடையதோ, அவ்வளவு குறையுடையது இது.

இக்குறையைத் தீர்க்க அத்துறவிகள் வெளியே தேட வேண்டியதில்லை. மடத்தின் ஏர், மண்வெட்டி, பாத்திரம் ஆகிய சகல கருவிகளையும் பலிபீடத்தின் திருப்பாத்திரங்களாகவே மதித்துப் பேண வேண்டும் என்று பெனடிக்ட் முனிவர் தம் விதியிற் கட்டளையிட்டிருக்கிறார். பக்கத்து மலையில் கவ்வாத்துக் கத்தியைச் சாமி முன் வைத்துச் சூடம் காட்டிவிட்டுச் செடியைத் தொடும் தொழிலாளியும் இதே தத்துவத்தைத்தான் அனுஷ்டிக்கிறான். அவன் முனிவரின் நூலைப் படித்தவனல்லன். கருவி திருப்பாத்திரமாகுமென்றால், அதைப் பிடித்த கை என்னவென்று கேட்க வேண்டாமா? ஆடிசம் புனிதமடைந்தது துறவிகள் வந்த 1961இல் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன், முதற்கல்லை ஒருவன் தோளில் ஏற்றிய அந்த நாளிலேயே அது தொடங்கிவிட்டது, துறவிகள் தொடர்ந்தார்கள். எட்வர்ட் மன்னன் ஓர் அரசியின் ஆன்மாவுக்காக மூலக் கோட்டையில் நிலைநிறுத்திய பூசையைப் போல, இக்கோட்டையின் சிற்றாலயத்திலும் ஆண்டுக்கொரு நாளேனும், கல் சுமந்தவர்களுக்கும், கொழுந்து பறித்து அக்கல்லுக்கு விலை தந்தவர்களுக்கும், சமய பேதமின்றி ஒரு பூசை நடக்கட்டும். வருகிறவர்களுக்கு வீட்டின் கதையைச் சொல்லும்போது வில்லியர்ஸின் பெயரை அடுத்து அவர்களையும் சொல்லட்டும். மடத்தாரிடம் நான் கேட்பது இதுவே.