தொழிலும் தொண்டும்

எமது ஆலயங்களிலே பூசை நிறைவில் பஞ்சபுராணம் ஓதப்படும்போது இறுதியாக ஓதப்படுவது பெரியபுராணம் என்பதை அடியார்கள் யாவரும் அறிவர். சேக்கிழார் பெருமான் அந்நூலிலே போற்றும் அறுபத்து மூவரும் யாவர் என்று சற்றுச் சிந்தித்தால் ஓர் உண்மை புலப்படும். அரசரும் அந்தணரும் அமைச்சரும் அவர்களுள் உளர். அவர்களோடு, மண்ணைக் குழைத்துப் பானை வனைந்த திருநீலகண்டர், அழுக்குத் துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர், கடலிலே வலை வீசிய அதிபத்தர், எண்ணெய்த் தொழில் செய்த கலியர், ஆடை நெய்த நேசர், ஆநிரை மேய்த்த ஆனாயர் ஆகியோரும் ஒரே வரிசையில் வைத்து வணங்கப்படுகின்றனர். இவர்கள் தொழிலைக் கைவிட்டு அடியாரானவர்கள் அல்லர். தாம் செய்த தொழிலையே தொண்டாக்கிக் கொண்டவர்கள்.

இவர்களுட் சிலருடைய வரலாற்றில் இன்னொன்றையும் காணலாம். தொழில் நன்றாக நடந்த நாளிலன்றி, அது முடங்கிப்போன நாளிலேதான் இறைவன் அவர்களைச் சோதிக்கின்றான். காஞ்சியிலே திருக்குறிப்புத் தொண்டர் அடியவர் ஒருவரின் கந்தையை மாலைக்குள் வெளுத்துத் தருவதாக ஏற்றுக்கொண்ட நாளிலே விடாமழை பெய்தது. நாகப்பட்டினத்து அதிபத்தர், அகப்படும் மீன்களில் ஒன்றை இறைவனுக்கென்று கடலிலே விடும் நியமம் பூண்டவர். அவருக்கு நாள்தோறும் ஒரேயொரு மீனே கிடைக்கத் தொடங்கியது. அதையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார். செல்வம் சுருங்கியது, சுற்றத்தார் பசியால் வாடினர். ஆயினும் மறுநாளும் அவர் கடலுக்குச் சென்றார். பொன்மீன் அகப்பட்டதையே நாம் பெரும்பாலும் வியந்து பேசுகின்றோம். அதற்கு முன்னர் அவர் வலையைத் தோளிலிட்டுக் கொண்டு கரைக்கு இறங்கிய அத்தனை காலைகளும் அதனினும் வியப்புக்குரியவை என்றே எனக்குத் தோன்றுகின்றது.

கலிய நாயனாரின் கதை இன்னும் ஆழமானது. திருவொற்றியூரிலே செல்வராக இருந்து ஆலயத்தில் விளக்கேற்றி வந்தவர் அவர். செல்வம் அழிந்த பின்னர் தம்மவரிடம் எண்ணெய் வாங்கி விற்று, அதிற் கிடைத்த கூலியைக் கொண்டு விளக்கேற்றினார். சிறிது காலத்தில் அவர்கள் எண்ணெய் கொடுக்க மறுத்துவிட்டனர். பின்பு கூலிக்குச் செக்காட்டினார். அந்த வேலையும் கிடைக்காமற் போயிற்று. அதன் பின் நிகழ்ந்தவை இக்காலத்து மனத்துக்குச் சங்கடமானவை. அவற்றை விளக்குவது இங்கே எனது நோக்கமன்று. கலியருக்கு மனவுறுதி ஒருபோதும் குறையவில்லை, குறைந்தது பிறர் கொடுத்த எண்ணெயும் வேலையுமே என்பதைத்தான் இங்கு குறிப்பிட விரும்புகின்றேன். நாயனாரின் பெருமையை ஓதும் நாம், முதலிற் கொடுத்துப் பின்பு கையை இழுத்துக்கொண்ட அந்தச் சுற்றத்தாரைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவர்களும் அக்கதையில் இருக்கின்றார்களே!

தளராமை என்பதை நாம் எப்போதும் தனிமனிதனுடைய குணமாகவே கருதி வந்திருக்கின்றோம். விழுந்தவன் எழுந்து நிற்க வேண்டும் என்று புத்தி சொல்வது எளிது. அவன் ஊன்றி எழுவதற்குக் கைத்தடி ஒன்று வேண்டுமல்லவா? எமது மண்ணிலே நாம் கண்டவற்றைக் கொண்டே இதனை விளங்கிக் கொள்ளலாம்.

2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. படகும் வலையும் இழந்த கடற்றொழிலாளர், பெற்ற பிள்ளையைப் பறித்த அதே கடலில் மீண்டும் இறங்கினர். அந்த மனத்திடத்தை எத்தனை புகழ்ந்தாலும் தகும். ஆனால் அவர்கள் பிடித்து வந்த மீனை வாங்க அப்போது ஆளிருக்கவில்லை. கடலில் உடல்கள் மிதந்தனவே என்ற எண்ணத்தில் பலர் நெடுநாள் மீன் உண்ணவில்லை. அது குற்றமென்று சொல்ல முடியாது, மனித மனத்தின் இயல்பு அது. எனினும் கடகத்திலே மீனைச் சுமந்து படலை படலையாகச் சென்று, விற்காமலே திரும்பிய பெண்களுக்கு இரண்டாவது அலையும் அடித்தது. அவர்களின் தொழில் மீண்டும் தழைத்ததற்கு அவர்களுடைய துணிவு மாத்திரம் காரணமன்று. யாரோ ஒரு வீட்டுக்காரி முதலில் படலையைத் திறந்து, விலை கேட்டு வாங்கியதும் காரணமாகும்.

2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையிலே கிடந்தன. பின்னர் அது கிடைக்கத் தொடங்கியபோது ஒரு லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அப்போதும் கடற்றொழிலாளர் தொழிலைக் கைவிடவில்லை. சந்தையிலே மீன் விலை ஏறிவிட்டதென்று நாம் முணுமுணுத்தோம்.

சீவல் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். தளநாரைக் காலிலிட்டு, பாளைக் கத்தியை இடுப்பிற் செருகி, காலையும் மாலையும் பனையேறுபவர் அவர். ஒழுங்காகச் சீவாது விட்டால் பாளை காய்ந்துவிடும். ஆகையால் காய்ச்சலென்றோ நல்லநாள் பெருநாளென்றோ அவருக்கு ஓய்வில்லை. அவர் இறக்கும் கருப்பநீரிலிருந்து வந்த பனங்கட்டி இல்லாமல் எமது முன்னோரின் தேநீர் இல்லை. மரத்திலிருந்து தவறி விழுந்தால் அவருக்கு ஓய்வூதியம் உண்டா? நாம் அதைக் கேட்டறிந்ததுண்டா?

திருவிழாக் காலத்தில் எம்மைச் சுற்றிப் பார்த்தால் இத்தகையோர் எத்தனை பேர்! வெள்ளை கட்டுபவர், மாலை தொடுப்பவர், மேளம் வாசிப்பவர், கிடுகு வேய்ந்து பந்தலிடுபவர், மடைப்பள்ளிக் கிடாரம் மினுக்குபவர், வீதி கூட்டுபவர். உழவாரப் படை ஏந்திப் புல்லும் முள்ளும் செதுக்கிய திருநாவுக்கரசு சுவாமிகளின் வழியிலே நிற்பவர்கள் இவர்களே. ஆனால் பொன்னாடையும் காளாஞ்சியும் வேறு சிலருக்கே போகின்றன. இன்னும் கசப்பான உண்மையும் உண்டு. சாதியின் பெயரால் மனிதரை ஒதுக்குவதைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இல் வந்த பின்னரும், 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயத்தினுள்ளே சென்று வணங்கும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. அதிபத்தரையும் திருநாளைப்போவாரையும் உள்ளே வைத்துப் பூசித்துக்கொண்டு, அவர்களைப் போன்ற உழைப்பாளரை வெளியே நிறுத்தியவர்கள் நாம். எமது பெரியோரைக் குறை சொல்கிறானே என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். புராணத்தைப் பொருளறிந்து படித்தால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

உபயகாரரின் பெயர்கள் அச்சாகும் மலரிலே இத்தொழிலாளரின் பெயர்களும் அச்சாவது நன்று. எனினும் புகழுரை வயிற்றை நிரப்பாது. பேசிய கூலியை நாளைக்கு வா என்று இழுத்தடிக்காது அன்றே கொடுப்பதும், கோவில் வேலைதானே என்று சொல்லிக் கூலியைக் குறைக்காமல் விடுவதும், நோயுற்று எழுந்தவருக்கு அவருடைய பழைய வேலையையே திரும்பக் கொடுப்பதும் நமது கையில் உள்ளவை. வலை கிழிந்து போன ஒருவருக்கோ, மரத்தால் விழுந்து கிடக்கும் ஒருவருக்கோ வட்டியின்றிக் கொடுத்துதவ ஆலயங்கள் தோறும் ஒரு சிறு நிதி இருக்கலாகாதா? அன்னதானத்துக்கு ஒதுக்கும் நாட்களுள் ஒரு நாளின் செலவோடு அதனைத் தொடங்கலாம்.