கையெழுத்து

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது எங்கள் வீட்டில் மூன்று வாரம் பணம் நின்றுபோனது. பாட்டி வழியாக அம்மாவுக்கு வந்த எட்டு சென்ட் நிலத்தை விற்க அப்பா நினைத்தார், அம்மா மறுத்தார். அப்பா அடிக்கவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. மாதம் பிறந்ததும் தரும் வீட்டுச் செலவுப் பணத்தைத் தராமல் இருந்தார், அவ்வளவுதான். "கையெழுத்துப் போடு, தர்றேன்" என்றார்.

அந்த மூன்று வாரமும் அப்பா வெளியில் சாப்பிட்டுக்கொண்டார். மெட்ரிகுலேஷன் பள்ளியில் படித்த அண்ணனின் கட்டணத்தை அவரே நேரில் போய்க் கட்டினார். நான் படித்தது அரசுப் பெண்கள் பள்ளி. கட்டணம் இல்லை, ஆனால் நோட்டு வேண்டும். பழைய நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைக் கிழித்து, நடுவில் நூலால் தைத்துக் கொடுத்தார் அம்மா. ஒரு நாள் சித்தி வந்து, "புள்ளைங்க முகத்தப் பாத்தாவது போட்டுக் குடுத்துடேன்க்கா" என்றாள். அப்பாவிடம் போய், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாவது பணத்தைக் கொடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

பள்ளிக்கல்வி நிதியைப் பற்றிய இன்றைய விவாதங்களில் சித்தியின் குரல் எனக்கு அடிக்கடி கேட்கிறது.

ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டமான 'சமக்ர சிக்‌ஷா'வில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. தமிழ்நாட்டுக்கு 2024-25ஆம் ஆண்டில் வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை முழுதாக ஏற்பதாகச் சொல்லும் பி.எம்.ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதே காரணம். 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. அந்தக் கல்வியாண்டு தொடங்கியபோது, தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கான 25 விழுக்காட்டு இடங்களுக்குச் சேர்க்கை தொடங்கவில்லை. நிதி வராதது காரணமாகச் சொல்லப்பட்டது.

அந்தத் திட்டத்தின் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்கள், பள்ளியை விட்டு நின்ற சிறுமிகள் தங்கிப் படிக்கும் கஸ்தூரிபா காந்தி பள்ளிகள், பேருந்து எட்டாத குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளை அழைத்துவரும் வண்டிகள். பணம் நின்றால் கையெழுத்துக் கேட்டவருக்கும் வலிக்காது, மறுத்தவருக்கும் பெரிதாக வலிக்காது. வண்டி வராத ஊரில் முதலில் வீட்டில் நிறுத்தப்படுபவள் வயதுக்கு வந்த பெண்தான்.

பணம் தருபவர் நிபந்தனை விதிக்கக் கூடாதா? விதிக்கலாம். அப்பா கணக்குக் கேட்டபோதெல்லாம் அம்மா நோட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். மளிகைக்குத் தந்த பணம் மளிகைக்குத்தான் போனதா என்று கேட்பது, பணத்தின் நோக்கத்தைக் காக்கும் நிபந்தனை. நிலத்தை எழுதிக்கொடுத்தால்தான் அரிசி என்பது பணிய வைக்கும் நிபந்தனை. நிலத்துக்கு நல்ல விலையே கிடைத்திருக்கலாம், அப்பாவின் யோசனை சரியாகவே இருந்திருக்கலாம். அப்போதும் அரிசியை நிறுத்தியது தவறுதான். அதுபோல, அந்தக் கல்விக் கொள்கை நல்லதா கெட்டதா என்பது தனி வாதம். 1976இல் கல்வி பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்ட பிறகு இரு அரசுகளும் அதைப் பற்றிப் பேச உரிமை உள்ளவை. மன்றத்தில் பேசட்டும், நீதிமன்றத்தில் வாதாடட்டும். பசியைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

இந்தப் பணம் யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் அந்தச் சிறுமியின் தாய் வரி கட்டுகிறாள். அதை வாங்கி வைத்திருப்பவர் பொறுப்பாளர், கொடையாளி அல்ல. தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைத் தன்னுடையதென நினைக்கும் பழக்கத்தைக் குடும்பத்திலேயே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால்தான் அரசு அப்படிச் செய்யும்போது நமக்கு அது விசித்திரமாகத் தெரிவதில்லை.

மாநில அரசையும் இதே தராசில்தான் வைக்க வேண்டும். தையலும் ஓவியமும் உடற்கல்வியும் சொல்லித்தர 2012இல் பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு அது நியமித்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நிற்கிறார்கள். தனக்கு வரவேண்டியதை உரிமை என்று தில்லியிடம் கேட்கும் அரசு, தான் தரவேண்டியதைச் சலுகை என்று சென்னையில் சொல்ல முடியாது.

ஆனால் அதே அரசு செய்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1989இல் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவத் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டம், 2022இல் உயர்கல்விக்கான புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்து வரும் மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அதிலும் நிபந்தனை உண்டு: படிக்க வேண்டும். என் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் அந்தப் பணத்தில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். பேருந்துக்கும் ஜெராக்ஸுக்கும் போய்விடுகிறது என்றாள். பிறகு, "யார்கிட்டயும் போய் நிக்க வேண்டியதில்ல மேம், மாசமானா வந்துடுது" என்றாள். உரிமை என்ற சொல்லுக்கு நான் வகுப்பில் தந்த எந்த விளக்கமும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

இருபத்திரண்டாம் நாள் அம்மா கையெழுத்துப் போட்டார். ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த கை. ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக, உருண்டையாக எழுதினார். மறுநாள் பணம் வந்தது, எனக்குப் புது நோட்டும் வந்தது. பிள்ளைகள் முகத்தைப் பார்த்துத்தான் அவர் போட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக அவரை ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த ஆண்டு அப்பா அம்மாவின் வளையல்களைக் கேட்டார். அந்த முறை பணத்தை மூன்று வாரம் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. மூன்று நாள் போதுமானதாக இருந்தது.